லைனிங் துணியில் ஒரு தையல் புத்தகம்

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பெயரும் சம்பளத்துக்குக் கையெழுத்தும்தான். பிழை இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லியிருப்பேன். சிலது மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் அம்மா இருக்கிறார்கள். கைவேலை செய்கிற பெண்கள் ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள், சேர்த்து அச்சடிக்கலாம் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தார்கள். என்னிடம், "நீங்க செஞ்சீங்களே துணி புஸ்தகம், அதப் பத்தி எழுதுங்க ஆயா" என்றார்கள். அதைப் பற்றி எழுதினால் அதனால் என் மருமகளுக்கு நடந்ததையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு நூல் எந்தக் கலர், ஊசி எந்த நம்பர் என்று மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை. மருமகளிடமே கேட்டேன்.

"எழுதுங்க அத்தே. ஊருக்கே தெரிஞ்சத மறைச்சு இன்னா ஆவப் போவுது" என்றாள்.

போன மழையில் குழாயடியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று பார்த்தால் அது என் கை மாதிரியே இல்லை. விரல் மடங்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் நழுவி விழுந்தது. அங்கே கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் தனியாக உண்டு. வாரா வாரம் ஆம்பூரிலிருந்து ரயிலேறிப் போனேன். பயிற்சி கொடுக்கிற பெண் சின்ன வயசுக்காரி. சிரித்துச் சிரித்துப் பேசுவாள். எனக்கு யாராவது கேள்வி கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளிடம் எப்படியோ பேச வந்தது.

"முன்னாடி என்ன வேலைம்மா பாத்தீங்க?"

"ஷூ கம்பெனிங்கம்மா. கைத்தையல்."

"அப்ப உங்களுக்குத் தையல் ஊசிதான் மருந்து" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

தாள் எல்லாம் துணி. ஒவ்வொரு பக்கத்திலும் அங்கே வந்து போனவர்கள் தையல் பழகியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் ஓட்டுத் தையல் கோணல்மாணலாக ஓடிப் பாதியில் நின்றிருந்தது. "இது ஒரு போலீஸ்காரர் போட்டது. ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள அவருக்கு வேர்த்துப் போச்சு" என்றாள். இன்னொரு பக்கத்தில் சங்கிலித் தையலில் ஒரு மீன். "இதுல தப்புன்னே ஒண்ணு கெடையாதும்மா. யாரும் கட்டிக்கப் போறதில்ல, விரிக்கப் போறதில்ல. பழகறதுக்குன்னே இருக்கற புஸ்தகம். வீட்டுல நீங்களே ஒண்ணு செஞ்சு வெச்சுக்குங்க."

ரயிலில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. எனக்கென்று ஒரு புத்தகம் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அக்கா படித்து முடித்த கிழிசலைத்தான் படித்தேன். தப்பாக எழுதினாலும் அடி விழாத ஒரு புத்தகம் என்றால் ஆசை வருமா வராதா?

வீட்டில் துணி தேடினேன். என் புடவை எல்லாம் வழுக்குகிற ரகம். ஊசி வைத்த இடத்தில் நிற்காது. வேட்டித் துணி ரொம்ப மெல்லிசு. அப்போதுதான் லைனிங் நினைவுக்கு வந்தது. ஷூவின் உள்பக்கத்தில் ஒட்டுகிற கெட்டியான பருத்தித் துணி. பழுப்பு வெள்ளையாக இருக்கும். வெட்டும்போது ஓரத்தில் நிறைய மீறும், மிச்சமாகிப் போகும். கையகலம், முழத்துக்குக் கம்மி, இப்படி. நான் வேலை செய்த காலத்தில் எங்கள் வீட்டில் கரித்துணி, தலையணை உறை, பையனின் அரைக்கால் சட்டைக்கு உள்பை எல்லாமே அதுதான்.

என் மருமகளும் ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். நான் இருந்த இடம் இல்லை, ஹைவே பக்கம் புதிதாக வந்த வேறு கம்பெனி. அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற மெஷினில் இருந்தாள். இரட்டை ஊசி மெஷின் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் அதைக் கொடுக்க மாட்டார்கள். என் மகன் லாரி ஓட்டுகிறான், மாசத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான். வீட்டில் நானும் அவளும்தான். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். எனக்குக் கூச்சம், அவளுக்கு அசதி. அவ்வளவுதானே தவிர சண்டை ஒன்றும் கிடையாது.

ஒரு நாள் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டேன்.

"உங்க கம்பெனியில லைனிங் வெட்டற எடத்துல மீறுன துண்டு கெடக்குமே."

"கெடக்கும். மூட்ட மூட்டயா கட்டி வெப்பாங்க. இன்னாத்துக்கு?"

"அந்த புஸ்தகத்துக்குத்தான். கொஞ்சம் இருந்தா போதும்."

"அதெல்லாம் தொடக்கூடாது அத்தே. இப்ப குப்பையக் கூட எடை போட்டுத்தான் வெளிய அனுப்பறாங்க."

"குப்பைதானேம்மா. எங்க காலத்துல சனிக்கெழமையானா மேஸ்திரியே எடுத்துக் குடுப்பாரு. வீட்டுக்கு ஆகும்னு எல்லாரும் வாங்கிட்டு வருவோம். ஒரு வார்த்த கேட்டா இல்லன்னா சொல்லப் போறாங்க?"

அவள் எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேஸ்திரியே கொடுப்பார் என்று நான் சொன்ன அந்த ஒரு பேச்சைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத்தான் வரப் போகிறேன்.

சில நாள் கழித்து அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சுருட்டு லைனிங் துணியை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள்.

"கேட்டியாம்மா?"

"ம்."

நான் யாரைக் கேட்டாய் என்று கேட்கவில்லை. துணியைப் பார்த்ததும் வேறு எதுவும் தோன்றவில்லை.

புத்தகம் செய்தது இப்படித்தான். முதலில் துணியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சி போகக் கசக்கிக் காயப்போட்டேன். தேய்த்தேன். பழைய காலண்டர் அட்டையை ஒரு சாண் அளவுக்கு வெட்டிக்கொண்டு அதை வைத்துக் கோடு போட்டேன். இரண்டு துண்டைச் சேர்த்து, ஓரத்தை உள்ளே மடித்து, சுற்றி ஓட்டுத் தையல் போட்டால் ஒரு தாள். இடது கையால் பிடித்து வலது கையால் ஊசி தள்ள முதலில் உயிர் போனது. ஒரு தாள் முடிக்கவே இரண்டு மூன்று நாள் ஆகும். மேலட்டைக்கு என் வீட்டுக்காரரின் காக்கிப் பேண்ட். அவர் கம்பெனி வேன் ஓட்டியவர். இறந்த பிறகு அந்தப் பேண்ட் பெட்டியில் கிடந்தது. பின்பக்கத்துப் பாக்கெட்டோடு சேர்த்து வெட்டினேன். ஊசியும் நூலும் வைக்க அது ஆயிற்று. தாள்களை அடுக்கி நடுவில் மடித்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு நூலை இரண்டு ஊசியில் கோத்து எதிரும் புதிருமாக இழுத்துக் கட்டினேன். அது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை. அந்தக் கட்டு இந்தப் பிறவிக்கு அவிழாது.

தையல் பழகத்தான் கஷ்டப்பட்டேன். தோல் தைத்த கை, ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்கிவிடும். துணி சுருங்கிக் கொழுக்கட்டை மாதிரி தூக்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரிப் பெண் பார்த்துச் சிரித்தாள். "இது ஷூ இல்லம்மா. தண்ணி உள்ள போயிடும்னு பயமா? துணி படுத்துக்கிட்டு இருக்கணும், எழுந்து உக்காரக் கூடாது."

இன்னொரு விஷயம். தோலில் ஊசி தப்பாக இறங்கினால் அந்த ஓட்டை போகவே போகாது. அந்த அப்பர் வீண். அதனால் எங்களுக்குப் பிரிக்கிற பழக்கமே கிடையாது. துணியில் தப்பாகப் போட்டதைப் பிரித்துவிட்டு ஈர விரலால் தேய்த்தால் ஓட்டை மூடிக்கொள்கிறது. எனக்கு அது அதிசயமாக இருந்தது. வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, பிரித்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலி என்று பக்கம் பக்கமாகப் போனது. விரலும் மடங்க ஆரம்பித்தது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். புத்தகம் ஒல்லியாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஆஸ்பத்திரிப் புத்தகம் நல்ல கனமாக இருக்கும். நம்முடையதும் அப்படி இருந்தால் என்ன என்று ஆசை. காலையில் மருமகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, "இன்னும் கொஞ்சம் கெடச்சா நல்லாருக்கும்மா" என்றேன். "பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். முதல் தடவை கேட்டதற்காவது கை சரியாக வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லலாம். இந்த இரண்டாவது தடவைக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அன்றைக்கு இல்லை, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, மதியம் நான் முடிச்சுத் தையல் பழகிக்கொண்டிருந்தபோது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. மருமகள் இறங்கினாள். கம்பெனி விடுகிற நேரம் இல்லை. கழுத்தில் எப்போதும் தொங்குகிற கம்பெனி அட்டையும் இல்லை.

"இன்னாம்மா சீக்கிரம் வந்துட்ட? ஒடம்பு சரியில்லையா?"

"அட்டையப் புடுங்கிக்கினாங்க."

"யாரு? இன்னாத்துக்கு?"

"யாரோ கத்திரிக்கோல் காணோம்னு சொன்னாங்க. சாப்பாட்டு நேரத்துல எல்லாரு பையையும் மேசை மேல கொட்டச் சொன்னாங்க. கத்திரிக்கோல் கெடைக்கல. என் பையில துணி கெடச்சுது."

"நீ கேட்டுத்தான் எடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா."

"யாரக் கேட்டேன்?"

"போன தடவ கேட்டேன்னியே."

"நீங்க கேட்டியான்னீங்க. நான் ம்னேன்."

உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம், அதுவரை வரவேண்டாம் என்றிருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் துணியை விரித்துத் தூக்கிக் காட்டினார்களாம். நான் புத்தகத்தை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். என்னவோ அதை யாரும் பார்க்காவிட்டால் சரியாகிவிடும் என்கிற மாதிரி.

எதிர்வீட்டு பாய் சம்சாரம் மறுநாள் கேட்டார்கள். "இன்னாக்கா, மருமக லீவா? பண்டிகை ஒண்ணும் இல்லியே." ஜுரம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் அவர்கள் வீட்டிலிருந்து பாலும் ரொட்டியும் வந்தது. மருமகள் அதைப் பார்த்தாள்.

"எனக்கு ஜுரமா அத்தே?"

"அப்பிடித்தான் சொன்னேன்."

"எத்தினி நாளைக்கு? ரொட்டி தீந்து போனா வாந்தியும் இருக்குன்னு சொல்லுங்க, இடியாப்பம் வரும்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். ரொட்டியை என்னிடமும் பிட்டுக் கொடுத்தாள்.

நானே போய்ச் சொல்வது என்று முடிவு செய்தேன். ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். 'நான்தான் கேட்டேன். அவள் மேல தப்பில்லை. என் கைக்காகத்தான். இதோ பாருங்க.' அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும். சங்கிலித் தையல் பக்கம் நன்றாக வந்திருந்தது, அதைக் காட்டலாம் என்று நினைத்தேன். எந்தப் பக்கம் காட்டலாம் என்று யோசித்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கேட் பெரிய கேட். வாட்ச்மேன் இரண்டு பேர். ஒருவர் வெளியே வந்தார்.

"யாரப் பாக்கணும் ஆயா?"

எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டை கட்டின கையால் பையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே இருந்தவர், "வேலைக்கு வந்திருப்பாங்க. மெஷின்ல உக்கார வெய்யி" என்றார்.

"கம்முனு இருப்பா. சொல்லுங்க ஆயா, இன்னா வேணும்?"

"தண்ணி" என்றேன்.

அவர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். தாகமே இல்லை. முழுக்கக் குடித்தேன். "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். புத்தகத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை.

பிறகு கம்பெனியில் கூப்பிட்டபோது மருமகளே போனாள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மெஷின் இல்லை. இப்போது நூல் வெட்டுகிற மேசையில் இருக்கிறாள். மற்றவர்கள் தைத்த அப்பரில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நாள் முழுக்க நின்றுகொண்டு வெட்டுகிற வேலை. புதிதாக வருகிற பெண்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். இரட்டை ஊசி மெஷினில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இவள்தான் அந்த மெஷினைச் சொல்லிக் கொடுத்தாளாம். சாயங்காலம் வந்தால் கால் வீங்கியிருக்கும். அங்கே இவளுக்கு 'லைனிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "'லைனிங், டீ குடிக்க வர்றியா'ங்கறாளுங்க அத்தே. நானும் போறேன். டீ மேல இன்னா கோவம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். காலை உள்ளே விட்டுக்கொண்டு சொன்னாள்.

"கேட்டுக்கு வந்தீங்களாமே."

நான் குனிந்து வாளியில் பச்சைத்தண்ணீர் விளாவினேன்.

"வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு. கட்டைப்பையோட ஒரு ஆயா வந்து தண்ணி குடிச்சிட்டுப் போச்சுன்னு. கையில பட்டை கட்டியிருந்துச்சுன்னாரு. நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு."

"சொல்லத்தாம்மா வந்தேன். வாய் வரல."

"தெரியும் அத்தே. உங்களால ரேஷன் கடையிலயே எடை கொறைஞ்சா கேக்க முடியாது." சிறிது நேரம் தண்ணீரைக் காலால் அளைந்துகொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க காலத்துல நெசமாவே மேஸ்திரி எடுத்துக் குடுத்தாரா?"

"குடுத்தாரும்மா."

"அது போதும். அத நம்பித்தான் எடுத்தேன். ஒரு காலத்துல குடுத்ததுதானேன்னு. திருடறமேன்னு தோணல."

அவள் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் அந்த வாளியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். மேஸ்திரி கொடுத்தாரா?

எனக்கு நினைவில் இருப்பது இதுதான். சனிக்கிழமை, வேலை விடுகிற நேரம். லைனிங் வெட்டுகிற இடத்தில் துண்டுகள் குவியலாகக் கிடக்கும். மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைப்பார். நாங்கள் குனிந்து எடுப்போம். அவர் "எடுத்துக்குங்க" என்று சொன்னாரா, இல்லை அவர் அந்தப் பக்கம் திரும்புகிறவரை நாங்கள் காத்துக்கொண்டிருந்தோமா? அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது காதில் கேட்கிற மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. துணியை மடித்து இடுப்பில் செருகி மேலே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வயிற்றில் அந்தத் துணி சொரசொரவென்று உரசும். கொடுத்ததாக இருந்தால் நான் ஏன் இடுப்பில் செருகினேன்? கையில் கொண்டுவந்திருக்கலாமே.

ஆனால் என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவள் ஒருத்தி ஒரு மூட்டையாகவே தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதும் கண்ணில் நிற்கிறது. யாரும் அவளை நிறுத்தவில்லை. அது எங்கள் கம்பெனியிலா, அதற்கு முன்னால் பேரணாம்பட்டில் கொஞ்ச நாள் இருந்தேனே, அங்கேயா, தெரியவில்லை. அவளைக் கேட்கலாம் என்றால் மகள் வீட்டோடு ஆந்திரா பக்கம் போய்விட்டாள். இருக்கிறாளா என்றும் தெரியாது.

புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து மருமகள்தான் எடுத்துக் கொடுத்தாள். "இவ்ளோ பேஜாரு பட்டு வந்த துணி. சும்மா கெடந்தா இன்னா அர்த்தம்? கைய மடக்கிப் பழகுங்க" என்றாள். பழகுகிறேன். அவள் வேலைக்குப் போன பிறகு எடுப்பேன், வருவதற்குள் வைத்துவிடுவேன். முடிச்சுத் தையல் பக்கம் பாதியில் நிற்கிறது, அதை மட்டும் இன்னும் தொடவில்லை. கை மறுபடி இறுக்க ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் பெண் போன வாரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, திரும்ப ஷூவுக்குப் போயிட்டீங்க?" என்றாள்.

டீச்சர் அம்மா, நீங்கள் எழுத்துப் பிழையைத் திருத்தும்போது எனக்காக இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் லைனிங் வெட்டுகிற இடத்தில் வேலை செய்தவர்கள் ஆம்பூரில் இன்னும் சிலர் இருப்பார்கள். உங்களுக்கு நாலு பேரைத் தெரியும், கூச்சப்படாமல் கேட்பீர்கள். மீறின துணியை மேஸ்திரி கையால் கொடுத்தாரா, நாங்களாக எடுத்தோமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை என்று எழுதியிருப்பதும் சரியா என்று பாருங்கள். நாங்களாக எடுத்ததுதான் என்று தெரிந்தால் நான் எழுதியிருப்பதை அடித்துவிட வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் சரியானதைப் போடுங்கள். ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிடுங்கள். மருமகளிடம் நான்தான் சொல்ல வேண்டும்.